வலி வந்தால் தமிழ் போய்விடும்

போன மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. கூடலூர் பக்கம் நான் வேலை பார்த்த துணை சுகாதார நிலையத்துக்கு இப்போது வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்தான் பேசினாள்.

"அக்கா, நம்ம ஏரியாவுல ஒரு வெளிநாட்டுப் பொண்ணு மாசமா இருக்கு. மலையடிவாரத்துல தோட்டம் புடிச்சிருக்காக. ஆதார் இல்லை, பாஸ்போர்ட்டுதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல எப்படிக்கா பதியிறது? நீங்க முன்னாடி ஒரு பிரெஞ்சுக்காரவுகளப் பாத்தீகளாமே?"

எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடவேண்டும் என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. பதிவு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அந்தச் செவிலியர் நினைத்துக்கொள்வாளோ என்று. போனில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தா. மதுரையில் பதினெட்டு மாதப் பயிற்சி. அங்கே கற்றதெல்லாம் இன்று நாலு வார்த்தையில் அடங்கிவிடும். கையைக் கழுவு, எண்ணு, எழுது, பயத்தை முகத்தில் காட்டாதே. முதல் மூன்றும் எனக்கு நன்றாகவே வந்தன. நாலாவது கடைசிவரைக்கும் வரவில்லை.

அதற்குக் காரணம் மாரியாயி. போடிக்கு மேலே மலையில், ஏலத்தோட்டக் குடியிருப்பில் எனக்கு முதல் போஸ்டிங். அப்போதெல்லாம் பிரசவத்தை வீட்டிலேயே பார்ப்போம். மாரியாயிக்கு அது மூன்றாவது பிள்ளை. பகல் பதினொரு மணிக்குப் பிள்ளை பிறந்து நன்றாக அழுதது. நஞ்சுக்கொடி வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை. வயிற்றை முஷ்டியால் அழுத்திக்கொண்டே ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினேன். ஜீப் வர ஒன்றரை மணி நேரம். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாரியாயி, "என்னக்கா இப்படிக் குளிருது" என்றாள். மூன்று போர்வை போர்த்தினோம். இறக்கத்தில் இரண்டாவது வளைவு தாண்டும்போது என் கைக்குள் இருந்த அவள் கை சும்மா ஆகிவிட்டது. உயிர் போய்விட்டது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

பிற்பாடு வீட்டுப் பிரசவமே கூடாது, எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சக நர்சுகள் சிலர் முணுமுணுத்தார்கள். நான் உள்ளுக்குள் கும்பிட்டேன்.

கடைசிப் பத்து வருஷம் எனக்கு அதிகாரியாக இருந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சத்தம் போடமாட்டார். எங்களை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். மாதக் கூட்டத்தில் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று ரிஜிஸ்டரைப் படிப்போம். "கால் வீக்கம் இல்லை டாக்டர்" என்போம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "நீங்க பாத்தீங்களா, அவங்க சொன்னாங்களா?" என்பார். அவ்வளவுதான். பொய் சொல்ல யாருக்கும் நாக்கு வராது.

அவர் எங்களுக்குப் பழக்கியது ஒரு முறை. கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனசுக்குள் பத்து எண்ணவேண்டும். எடுத்ததும் குழி விழுகிறதா என்று பார்க்கவேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது அந்தப் பெண் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும், பாதம் தரையில் படவேண்டும், ஐந்து நிமிடம் பேசக்கூடாது. நாமும் பேசக்கூடாது. "அந்த அஞ்சு நிமிஷத்துல அவங்க முகத்தைப் பாருங்க" என்பார். ஒருநாள் நான் எழுதிக் கொண்டுபோன அளவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து அந்த வீட்டுக்கே வந்து தானும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. "சரி" என்று இறங்கிப் போய்விட்டார். அந்த 'சரி' எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமாக இருந்தது.

கிளேரும் மத்தியூவும் வந்தது நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால். மத்தியூ திராட்சை படித்தவர். கூடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனி, ஒயின் போடுகிற ரகத் திராட்சை வளர்க்க அவரைக் கூட்டி வந்திருந்தது. கம்பெனி பேசிக் கொடுத்த வீடு ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டக்காரர் வீடு பக்கத்திலேயே. அவர் சம்சாரம் பாண்டியம்மாள். மத்தியூ என்ற பெயர் பாண்டியம்மாள் வாயில் நுழையாமல் முதல் வாரமே மாதையா ஆகிவிட்டது. கிளேர் கிளாரா ஆனாள்.

மாதையாவுக்கு இங்கே எல்லாமே தலைகீழ். "எங்க ஊர்ல கொடி குளிர்காலத்துல நாலு மாசம் தூங்கும். நீங்க அதைத் தூங்கவே விடமாட்டீங்களா?" என்று பந்தலுக்குக் கீழே நின்று கேட்பாராம். வருஷத்துக்கு மூன்று தடவை காய்க்கிற பன்னீர் திராட்சையை, ஏதோ பாவம் செய்கிற ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாராம்.

கிளேர் புதுச்சேரியில் இரண்டு வருஷம் இருந்து தமிழ் படித்தவள். புத்தகத் தமிழ். "நான் நடைப்பயிற்சிக்குச் செல்கிறேன்" என்பாள். சாயங்காலம் வாய்க்கால் கரையில் தனியாக நடப்பாள். எதிரே வருகிறவர்கள் எல்லாம், "எங்கன தாயி போற?" என்று கேட்பார்கள். அவள் நின்று, எங்கே போகிறாள், ஏன் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று ஒவ்வொருவருக்கும் முழுசாகப் பதில் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும், "ஏன் எல்லோரும் என்னை விசாரணை செய்கிறார்கள்?" என்று அழுகை. அது விசாரணை இல்லை, வணக்கம் மாதிரி என்று பாண்டியம்மாள்தான் விளக்கினாள். "சும்மா இங்கனதான்னு சொல்லிட்டு நடையைக் கட்டு. யாரும் நிக்க மாட்டாக." மறுநாளிலிருந்து கிளேர் ஊருக்கெல்லாம் "சும்மா இங்கனதான்" சொல்லிக்கொண்டு போனாள். பத்துப் பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அதிலிருந்துதான் அவளுக்கு ஊர் கொஞ்சம் இளகியது.

பாண்டியம்மாள் கதவைத் தட்டாமல் நேரே அடுப்படிக்கே வந்துவிடுவாள். கிளேர் வாசலில் ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டாள், அடித்துவிட்டு வரட்டும் என்று. பாண்டியம்மாள் அதை சாமி மணி என்று நினைத்து, போகும்போதும் வரும்போதும் கணகணவென்று அடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே வேகத்தில் உள்ளே போனாள். ஒரு மாதம் கழித்துக் கிளேரே மணியைக் கழற்றிவிட்டாள்.

நான் அந்த வீட்டுக்குள் முதலில் போனது அவளுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது. பதிவுப் படிவத்தில் 'கணவர் பெயர்', 'திருமணத்தின்போது வயது' என்று கட்டங்கள் இருந்தன. கேட்டேன்.

"கல்யாணம் ஆகலை அக்கா," என்றாள் கிளேர். "எங்க ஊர்ல சேர்ந்து இருக்கிறதுக்கு ஒரு காகிதம் இருக்கு. அது கல்யாணம் இல்லை. ஆனா சட்டம் ஒத்துக்கும்."

பாண்டியம்மாள் கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பொய் எழுதினால் நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிக்கல், உண்மையை எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்காது. டாக்டரம்மாவிடம் படிவத்தைக் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் புள்ளைக்கு அப்பா யாருன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"அந்தப் பேரை எழுதுங்க. கல்யாணக் கட்டத்தை நான் பாத்துக்கறேன். பிபி எவ்வளவு?"

நூற்றுப் பத்து, எழுபது. அப்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆறாம் மாதத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. கிளேர் எனக்குப் பால் இல்லாத காப்பி கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "பிரசவம் இங்கே, வீட்டில். நீங்கதான் பார்க்கணும். என் அக்காவுக்கு அங்கே வீட்டிலதான் பிறந்தது. ஒரு நர்ஸ் வந்தாங்க. டாக்டர் யாரும் இல்லை."

"அதெல்லாம் முடியாது ஆத்தா," என்றேன். "என் வேலை போயிரும்."

"வேலைக்குத்தான் பயமா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு மாரியாயி கதையைச் சொன்னேன். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. சின்னச் சின்ன வாக்கியமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். போர்வையைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன். கிளேர் அந்தப் பெயரைத் தன் வாயால் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "மா-ரி-யா-யி."

பிறகு, "எனக்கும் ஒரு பயம் இருக்கு அக்கா," என்றாள். "ஆஸ்பத்திரில ரூமுக்குள்ள மத்தியூவை விடமாட்டாங்க. பொம்பளைங்கதான் கூட இருக்கலாம். எனக்கு இங்கே அம்மா இல்லை, அக்கா இல்லை. இப்ப நான் தமிழ் பேசுறேன். ஆனா போன வருஷம் கால்ல முள்ளுக்கம்பி கிழிச்சப்போ, எனக்கு ஒரு தமிழ் வார்த்தைகூட வரலை. வலி வந்தா தமிழ் போயிரும். எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு ஏதோ கத்துவாங்க, நான் ஏதோ கத்துவேன். யாருக்கும் ஒண்ணும் புரியாது. அப்படி ஒரு இடத்தில நான் பிள்ளை பெறமாட்டேன்."

திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திமிர் இல்லை. நான் பார்த்த எத்தனையோ பெண்கள் தமிழ் தெரிந்தும் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள், சொல்லத் தெரியாமல்.

அன்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். துணைக்கு உள்ளே நான் வருவேன். அதற்காகப் பிரசவத்துக்கு வேண்டிய பிரெஞ்சு வார்த்தைகளை நான் கற்றுக்கொள்ளவேண்டும். என் டைரியின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதினேன். மூச்சு விடு என்றால் 'ரெஸ்பீர்'. முக்கு என்றால் 'பூஸ்'. பொறு என்றால் 'அத்தான்'.

பாண்டியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடி ஆத்தி! பொறுக்கச் சொல்றதுக்கு அத்தானைக் கூப்புடணுமா? எங்க வீட்டு அத்தான் கூப்புட்டாலும் வர்றதில்லையே!" கிளேருக்கு விளக்கிச் சொன்னதும் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் நான் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஏழாம் மாதம் பாண்டியம்மாள் வளைகாப்புப் போட்டாள். தாலி இல்லாத பெண்ணுக்கு எப்படி என்று சொந்தத்தில் யாரோ கேட்டதற்கு, "வயித்துப் புள்ளை கேக்குதா, உனக்கு என்ன?" என்று வாயை அடைத்தாள். கிளேரின் மெலிந்த கைகளில் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஓடி ஓடி வந்தன. நான் பிபி பட்டை கட்டும்போதெல்லாம் அவற்றை மணிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டுக் கட்டுவேன்.

இப்போது எழுத வேண்டியது வருகிறது.

எட்டரை மாதம். கார்த்திகை பிறந்திருந்தது. மாதையா நாற்றுக் கன்றுகள் எடுத்துவர நாசிக் போயிருந்தார், ஒரு வாரத்தில் வந்துவிடுவதாக. ஒரு வெள்ளிக்கிழமை நான் கிளேரைப் பார்க்கப் போனேன். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. எல்லைக்கு உள்ளேதான், ஆனால் ஓரத்தில். காலில் லேசாகக் குழி விழுந்தது. எட்டு மாதத்தில் பாதிப் பேருக்கு விழும். பட்டை கட்ட வளையலைத் தள்ளினேன். நகரவில்லை. கையில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். 'வளையல் அளவு சின்னதோ' என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த வளையல்கள் ஓடியதைப் பார்த்த அதே ஆள் நான். சிறுநீர் சோதிக்கவேண்டும் என்று கேட்டதற்கு, "இப்பதான் போயிட்டு வந்தேன் அக்கா" என்றாள். வற்புறுத்தியிருக்கலாம், ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அடுத்த தெருவில் இரண்டு வீடு பாக்கி இருந்தது. "திங்கக்கிழமை வாரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை கொசுப்புழு ஒழிப்பு சர்வே. செவ்வாயும் அதே. புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரை மணிக்குப் பாண்டியம்மாள் போன் செய்தாள்.

"நர்சம்மா, கிளாரா தலை வலிக்குதுன்னு படுத்துக்கிருச்சு. வெயிலா இருக்கும்னு உப்புப் போட்டு மோர் குடுத்தேன், வாந்தி எடுத்துருச்சு. முந்தாநாள்லருந்தே வலிக்குதாம். எங்ககிட்டச் சொல்லவே இல்ல."

"கண்ணு தெரியுதான்னு கேளுங்க."

"சன்னலைச் சாத்தச் சொல்லுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவுக பாசையிலேயே பேசுது."

தடுப்பூசிப் பெட்டியை மூடி அங்கன்வாடி டீச்சரிடம் கொடுத்தேன். பக்கத்திலிருந்த நிலையத்தைத் திறந்து அவசரப் பெட்டியை எடுத்தேன். போகிற வழியிலேயே 108-க்குச் சொன்னேன். "மேடம், வண்டி கம்பத்துலருந்து வரணும். சபரிமலை சீசன், ரோடு பூரா வண்டி. நாப்பது நிமிஷம் ஆகும்" என்றார்கள்.

கிளேர் இருட்டறையில் பாயில் கிடந்தாள். முகம் உப்பியிருந்தது. கண்ணுக்கு முன்னால் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினாள், பூச்சி பறக்கிற மாதிரி. கிளேரின் வளையல்களைப் பாண்டியம்மாள் உடைத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. வலது கையில் பிபி பார்த்தேன். இடது கை பார்த்தேன். ஐந்து நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான ஐந்து நிமிடம். மறுபடி பார்த்தேன். தம்ளரில் கொஞ்சம் சிறுநீர் பிடித்துச் சோதனை அட்டையை நனைத்தோம். மஞ்சள் அட்டை கரும்பச்சையாக மாறியது, புரதம் நிறையப் போகிறது என்று அர்த்தம். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"நூத்தி எழுபத்திரெண்டு, நூத்திப் பதினாலு டாக்டர்."

"எந்தக் கை?"

"ரெண்டு கையும். விட்டு மறுபடியும் பாத்தேன்."

"யூரின்?"

"மூணு பிளஸ்."

"நீங்க பாத்தீங்களா?"

"நானே பாத்தேன் டாக்டர்."

"வலிப்பு வர்றதுக்கு முன்னாடி மக்னீசியம் சல்பேட் போடணும். பத்து கிராம். ஒரு பக்கத்துக்கு அஞ்சு, ஆழமா. முதல்ல மூச்சை எண்ணுங்க, முழங்காலைத் தட்டிப் பாருங்க. போட்ட நேரத்தை எழுதுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் பேசிடறேன். வசந்தா, நீங்க செய்வீங்க."

அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வருஷா வருஷம் பயிற்சியில் தலையணையில் போட்டுப் பழகிய ஊசி. மனுஷ உடம்பில் ஒருதடவையும் போட்டதில்லை. பத்துக் குப்பியை உடைக்கவேண்டும். மூன்றாவது குப்பியில் விரலைக் கீறிக்கொண்டேன். பாண்டியம்மாள் எனக்காக எண்ணினாள், "நாலு... அஞ்சு... நிதானமா, நர்சம்மா." மாதையாவின் போன் அணைந்திருந்தது. விமானத்தில் இருந்திருக்கிறார்.

ஊசியைப் பார்த்ததும் கிளேர் எழப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான்! அத்தான்!"

பொறு என்கிறாள். நான் கற்றுக்கொண்ட மூன்று வார்த்தையில் ஒன்று. அவளுடைய பாஷையில் எனக்குப் புரிந்ததே அதுதான், அதைத்தான் நான் கேட்கக்கூடாது. வலிப்பு வந்துவிடும், குழந்தைக்கு மூச்சுப் போய்விடும், நீ செத்துப்போவாய் என்பதற்கெல்லாம் என் டைரியில் வார்த்தை இல்லை. தமிழில் சொன்னேன். அவள் கண் என்மேல் நிலைக்கவில்லை. பலவந்தமாகப் பிடித்துப் போட்டிருக்கலாம், பாண்டியம்மாள் பலமான ஆள். ஆனால் அவள் பயந்ததே அதற்குத்தானே. சுற்றி நின்று யாரோ கத்தி, ஏதோ செய்துவிடுவார்கள் என்று.

அவள் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "மாரியாயி."

கண் திரும்பியது. என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னேன். "கிளேர், மாரியாயி."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவளாகவே ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தாள். மூச்சை எண்ணினேன், பதினெட்டு. முழங்காலைத் தட்டினேன், உதறியது. ஊசி போட்டேன். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பன்னிரண்டு பத்து என்று என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் தோட்டத்து மண்பாதைக்குள் வராது. பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் திராட்சைப் பெட்டி ஏற்றும் குட்டியானை வண்டியில் மெத்தையைப் போட்டார். கிளேரின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். குமுளி போகிற ரோடு முழுக்கச் சாமிமார் வண்டிகள், மாலை போட்டு, சரணம் போட்டுக்கொண்டு. ஆம்புலன்ஸ் எங்கேயோ சைரன் அடிக்கிறது, வரமுடியவில்லை. பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் இறங்கி ஓடி, "சாமி, புள்ளத்தாச்சி சாமி!" என்று கத்தினார். கறுப்பு வேட்டி கட்டிய பத்துப் பதினைந்து பேர் இறங்கி, வண்டி வண்டியாக ஓரம் கட்டி வழி விட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் கிளேரை அதில் மாற்றி ஏற்றினோம்.

கம்பம் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, நான் ஊர்களைப் பார்க்கவில்லை. அவள் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு இமையில்தான் தொடங்கும். சின்னமனூர் பக்கம் ஒரு இமை துடித்தது. "ரெஸ்பீர், கிளேர், ரெஸ்பீர்" என்றேன். துடிப்பு நின்றது. மறுபடி துடித்தது. தேனி தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்வரை அந்த இமைக்கும் எனக்கும் இடையில்தான் உலகம் இருந்தது. வலிப்பு வரவில்லை.

அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் ஒரு டாக்டர் என்னிடம், "இவங்க பேசறது உங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார்.

"புரியும்," என்றேன். என் சர்வீஸில் நான் சொன்ன சுத்தமான பொய் அது. மயக்க மருந்து ஏறும்வரை உள்ளே விட்டார்கள். அவள் நிறையப் பேசினாள். ஒன்றும் புரியவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் "ஆமா ஆத்தா, ஆமா" என்றேன்.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் பன்னிரண்டு நாள் இருந்தது. மாதையா மறுநாள் காலையில் வந்து, வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட எனக்கு அந்த வளையல்தான் கண்ணில் நின்றது.

அடுத்த மாதக் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமையே கை வீங்கியிருந்தது டாக்டர். பாத்தேன். வளையல் நகரலை. பாத்துட்டும் கிளம்பிட்டேன். திங்கக்கிழமையும் போகலை."

கண்ணாடி மேசைமேல் இருந்தது. அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

நாலு நாள் அந்த வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ஐந்தாம் நாள் போனேன். பாண்டியம்மாள் வாசலில் திராட்சைப் பெட்டிக்குள் விரிக்கக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். "போங்க நர்சம்மா. புள்ளைய யாரு கையிலயும் குடுக்க மாட்டேங்குது. பெத்த தகப்பனுக்கே சந்தேகமாத்தான் குடுக்குது. என்னத்தச் சொல்ல," என்றாள்.

கிளேர் துணியில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தலை சீவவில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன். "ரிஜிஸ்டர்ல இது இல்ல. நான் சொல்லாட்டி உனக்குத் தெரியப்போறதில்ல. ஆனா நடந்தது இதுதான்."

அவள் பிள்ளையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கோவம் வருது அக்கா," என்றாள் கடைசியில். நிதானமான தமிழ். "ரொம்பக் கோவம். நாளைக்கும் இருக்கும்னு நினைக்கிறேன்."

"இருக்கட்டும்மா. இருக்கவேண்டியதுதான்."

கிளம்பத் திரும்பினேன். அவள் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துணியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"நாலு நாளா நான் குளிக்கலை. பிடிங்க."

என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளையின் நெஞ்சில் கண்ணை வைத்து மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஒரு நிமிடம் எண்ணி முடித்தேன். நாற்பத்திரண்டு. சரியாகத்தான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.